பெயர் அச்சிடாத பிஎல்-259 கனெக்டர்கள்: நிக்கல் பூச்சும் வெள்ளிப் பூச்சும், ஓராண்டு அனுபவம்

திருவான்மியூரில் கடற்கரைக்கு நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கும் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், 40 மீட்டர் (7 மெகாஹெர்ட்ஸ்) அலைவரிசைக்கான ஆன்டெனா ஒன்று தலைகீழ் வி வடிவத்தில் ஆறு ஆண்டுகளாக நிற்கிறது. அதிலிருந்து வானொலி அறைக்கு இறங்கும் கேபிள் 25 மீட்டர் நீளமுள்ள ஆர்ஜி-213 வகை, நடுக்கம்பியைச் செம்புப் பின்னல் சூழ்ந்தது. வழக்கமாக 1.3 காட்டும் எஸ்டபிள்யூஆர் (அனுப்பும் சக்தி ஆன்டெனாவிலிருந்து எந்த அளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் எண்; 1-க்கு அருகில் இருப்பதே நல்லது), சென்ற ஆண்டு ஐப்பசியில் மழை பெய்த இரவுகளில் மட்டும் 3-ஐத் தாண்டியது. மறுநாள் வெயில் ஏறியதும் பழைய நிலைக்கே திரும்பியது. ஆன்டெனாக் கம்பியைச் சந்தேகித்தேன், கேபிளையும் ஆன்டெனாவையும் இசைவாக இணைக்கும் பாலன் என்னும் உறுப்பைக் கழற்றிச் சோதித்தேன், இரண்டு வாரம் வீணாயிற்று. கடைசியில், கேபிளின் மேல் முனையில் இருந்த பிஎல்-259 கனெக்டரை (கேபிளைச் சாக்கெட்டில் திருகி இணைக்கும் உலோக முனையை) மேசைக்குக் கொண்டுவந்து, ஆக்ஸா பிளேடால் நீளவாக்கில் இரண்டாக அறுத்துப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. கனெக்டரின் உடலில் உள்ள நான்கு துளைகளிலும் சால்டர் ஈயம் (பற்றவைக்கும் உலோகம்) பளபளவென்று நிறைந்திருந்தது, ஆனால் அவற்றில் மூன்றில் அந்த ஈயம் வெறும் மணிபோல் துளைக்குள் உட்கார்ந்திருந்ததே தவிர, உள்ளே இருந்த செம்புப் பின்னலையும் பிடிக்கவில்லை, துளையின் சுவரையும் பிடிக்கவில்லை. நகத்தால் நெம்பியபோது மூன்று மணிகளும் மேசையில் உதிர்ந்தன. பின்னல் கறுத்து, ஓரங்களில் பச்சை பூத்திருந்தது.

வெளியிலிருந்து பார்க்கக் குறையே இல்லாத அந்த இணைப்பு ஏன் பொய்த்தது என்று தெரிந்துகொள்ளாமல் அடுத்த கனெக்டரைப் பொருத்துவதில்லை என்று முடிவு செய்து, சென்னை ரிச்சி தெருவிலும் அதை ஒட்டிய நரசிங்கபுரம் தெருவிலும் கடை கடையாக ஏறி, உதிரியாகப் பிளாஸ்டிக் உறையில் விற்கும் பிஎல்-259 கனெக்டர்களில் இரண்டு வகைகளை, வகைக்குப் பத்தாக வாங்கிவந்தேன். ஒன்று நிக்கல் பூசியது, நடுவில் வெள்ளை நிறப் பிளாஸ்டிக் காப்பு கொண்டது. மற்றொன்று வெள்ளி பூசியது, நடுவில் டெஃப்லான் காப்பு கொண்டது. விலை முதலாவதைவிட மூன்று மடங்குக்கும் மேல். இரண்டிலுமே தயாரித்தவர் பெயர் கிடையாது. எங்கள் ஊரில் ஹாம் வானொலிக்காரர்கள் (பொழுதுபோக்காக வானொலியில் பேசுபவர்கள்) பெரும்பாலும் வாங்குவது இப்படிப்பட்ட பெயரில்லாச் சரக்கைத்தான் என்பதால், நிறுவனத்தின் பெயரைப் பார்த்து வாங்கும் வழி நமக்கு அநேகமாக இல்லை. பொருளையே பார்த்து எடைபோடத் தெரிய வேண்டியிருக்கிறது. இந்த ஓராண்டில் அந்த இருபதில் பதினாறைச் சால்டர் செய்து பயன்படுத்திய அனுபவத்தைக் கொண்டே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

முதலில் இந்தக் கனெக்டரைப் பற்றிச் சில சொற்கள். அமெரிக்காவின் ஆம்பினால் நிறுவனத்தைச் சேர்ந்த கிளார்க் குவாக்கன்புஷ் 1930-களில் வடிவமைத்த இந்த இணைப்பு, யுஎச்எஃப் கனெக்டர் என்ற பெயரோடு இன்றும் உலவுகிறது. 30 மெகாஹெர்ட்சுக்கு மேற்பட்ட எல்லாவற்றையும் மீயுயர் அதிர்வெண் என்று பொதுவாகச் சொல்லிவந்த காலத்துப் பெயர் அது. இன்றைய கணக்கில் யுஎச்எஃப் எனப்படும் அதிர்வெண்களுக்கு இது ஏற்றதன்று. உள்ளே மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) சீராக 50 ஓம் இருக்கும்படி இது வடிவமைக்கப்படவில்லை. ஆகவே 300 மெகாஹெர்ட்சுக்கு மேல் இதைப் பயன்படுத்துவதில் பொருளில்லை. ஆனால் குற்றலை (ஷார்ட்வேவ்) வரிசைகளிலும், 144 மெகாஹெர்ட்ஸ் வரிசையிலும்கூட, அந்தக் குறை கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பாதிப்பதில்லை. பெரும்பாலான குற்றலை வானொலிகளின் பின்புறத்தில் இதற்கு இணையான எஸ்ஓ-239 சாக்கெட்டே இருப்பதால், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் ஒவ்வொரு ஹாமும் தன் வாழ்நாளில் இதைப் பலமுறை சால்டர் செய்தே ஆக வேண்டும்.

இனி பூச்சைப் பார்ப்போம். வெள்ளி மற்ற எல்லா உலோகங்களையும்விட நன்றாக மின்சாரத்தைக் கடத்தும் என்பதால்தான் வெள்ளி பூசிய கனெக்டர் சிறந்தது என்று பலர் நம்புகிறார்கள், கடைக்காரர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். குற்றலை வரிசைகளைப் பொறுத்தவரை எனக்கு இதில் உடன்பாடில்லை. 7 மெகாஹெர்ட்சில் மின்னோட்டம் செம்பின் மேற்பரப்பில் ஏறத்தாழ 25 மைக்ரான் ஆழத்துக்குள்ளேயே ஓடிவிடுகிறது என்பது உண்மை; ஆகவே மேற்பூச்சுக்கு முக்கியத்துவம் உண்டு என்பதும் உண்மை. ஆனால் மூன்று, நான்கு சென்டிமீட்டர் நீளமே உள்ள ஒரு கனெக்டரில் நிக்கல் பூச்சினால் ஏற்படும் இழப்பு, அதன் பின்னால் வரும் 25 மீட்டர் கேபிளில் ஏற்படும் இழப்போடு ஒப்பிட்டால் பொருட்படுத்தத் தக்கதன்று. வெள்ளிப் பூச்சின் உண்மையான அருமை சால்டர் செய்யும்போதுதான் தெரிகிறது. வெள்ளியின் மேல் ஈயம் தண்ணீர்போல் படர்ந்து ஒட்டுகிறது. நிக்கலின் மேல், அதிலும் கடையில் மாதக்கணக்கில் கிடந்து ஆக்சைடு படிந்த நிக்கலின் மேல், சாதாரண ரோசின் ஃப்ளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவும் பிசின்) கொண்ட ஈயம் தாமரை இலைத் தண்ணீர்போல் உருண்டு நிற்கிறது. அறுத்துப் பார்த்த என் பழைய கனெக்டரில் நடந்தது இதுதான்.

நிக்கல் கனெக்டரில் சால்டர் பிடிக்கவே பிடிக்காது என்று நான் சொல்லவரவில்லை. துளைகளைச் சுற்றியும் துளைகளின் உட்சுவரிலும் சிறிய உருண்டை அரத்தால் தேய்த்து, நிக்கல் போய்ப் பித்தளையின் மஞ்சள் தெரியும்வரை சுரண்டிவிட்டால், அதிலும் நல்ல இணைப்பு கிடைக்கிறது. நான் வாங்கிய பத்தில் ஆறைச் சால்டர் செய்தேன்; அவற்றில் ஐந்தை இப்படித் தேய்த்தேன், ஐந்தும் பிடித்தன. ஆனால் ஒவ்வொன்றுக்கும் கால் மணி நேரம் தேய்க்க வேண்டியிருந்தது. தேய்த்த தூளை உள்ளிருந்து முழுமையாக ஊதி வெளியேற்ற வேண்டியிருந்தது. சிலர் இந்தச் சிரமத்துக்கு அஞ்சித் தகரம் ஒட்டும் அமில ஃப்ளக்ஸைத் துளையில் விடுகிறார்கள். அதைச் செய்யவே கூடாது. ஈயம் அந்த நொடியில் அழகாகப் படரும் என்பது உண்மை, ஆனால் பின்னலுக்குள் ஊறிப்போன அமிலத்தைக் கழுவி எடுக்க வழியே கிடையாது. அது உள்ளேயே இருந்து செம்பு இழைகளை அரிக்கும். எங்கள் கடலோர ஈரக்காற்றில் அந்த அரிப்புக்குச் சொல்லவே வேண்டாம்.

அடுத்தது நடுக்காப்பு. என் கணக்கில் பூச்சைவிடவும் இதுவே பெரிய வேறுபாடு. கடையில் வெள்ளை நிறமாக இருப்பதையெல்லாம் டெஃப்லான் என்றே சொல்லி விற்கிறார்கள். "டெஃப்லான்தான் சார், நம்பி எடுத்துக்கோங்க" என்றுதான் நிக்கல் கனெக்டரைக் கொடுத்தவரும் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு வகையிலும் ஒன்றை எடுத்து, 350 டிகிரியில் வைத்த சால்டரிங் அயர்னின் பிட்டை (சூடாகும் முனையை) அந்த வெள்ளைக் காப்பின் விளிம்பில் இரண்டு நொடி வைத்தேன். நிக்கல் கனெக்டரின் காப்பு மெழுகுபோல் குழைந்து பிட்டோடு நூலாக இழுபட்டு வந்தது. வெள்ளி கனெக்டரின் காப்பில் ஒரு சுவடும் இல்லை. உண்மையான டெஃப்லான் 327 டிகிரி செல்சியஸ் வரை உருகுவதில்லை, அதற்குப் பிறகும் நீர்போல் ஓடுவதில்லை. ஆகவே இரண்டே நொடியில் முடியும் இந்தச் சோதனை ஒருபோதும் ஏமாற்றாது. முடிந்தால் ஒரே ஒரு கனெக்டரை முதலில் வாங்கி இதைச் செய்துபார்த்துவிட்டு, மறுமுறை போய் மீதியை வாங்குங்கள். பழைய காலத்துக் கனெக்டர்களில் காணப்படும் பழுப்பு நிற பேக்கலைட் காப்பும் வெப்பத்தைத் தாங்கக்கூடியதே. கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம்.

உருகும் காப்பினால் என்ன கேடு என்று கேட்கலாம். நடு ஊசியைச் சூடாக்கும்போது அதைப் பிடித்து நிறுத்தியிருக்கும் காப்பு இளகினால், ஊசி ஒரு பக்கமாகச் சாய்கிறது; ஆறியதும் அந்தச் சாய்விலேயே உறைகிறது. சாய்ந்த ஊசியை வானொலியின் சாக்கெட்டில் திணித்தால், உள்ளே இருக்கும் வில் போன்ற தொடுமுனை விரிந்து நிரந்தரமாகத் தளர்ந்துவிடும். சில ரூபாய் மிச்சம்பிடித்து விலையுயர்ந்த வானொலியின் சாக்கெட்டைக் கெடுத்துக்கொள்வதற்கு இது சமம். நான் சால்டர் செய்த ஆறு நிக்கல் கனெக்டர்களில் இரண்டில் ஊசி இப்படிச் சாய்ந்தது. அந்த இரண்டையும் அறுத்து எறிந்துவிட்டேன்.

சால்டரிங் அயர்னைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எத்தனை நல்ல கனெக்டர் வாங்கினாலும் அயர்ன் பொருந்தாவிட்டால் பலனில்லை. வீடுகளில் பொதுவாக இருப்பது 25 வாட் அயர்ன். சர்க்யூட் பலகைகளுக்கு அது போதும். பிஎல்-259 கனெக்டரின் உடலோ கனத்த பித்தளை. அதனுள்ளே ஆர்ஜி-213 கேபிளின் அடர்ந்த செம்புப் பின்னல் வேறு. 25 வாட் அயர்ன் தரும் வெப்பத்தை இவை இரண்டும் அந்தந்த நொடியிலேயே பரப்பிவிடுவதால், ஈயம் உருகும் நிலையை உடல் எட்டுவதற்கு நிமிடக்கணக்கில் ஆகிறது. அதற்குள் வெப்பம் மெல்ல மெல்ல உள்ளே ஊர்ந்து போய், கேபிளின் உட்காப்பான பாலிஎத்திலீனை இளக்கிவிடுகிறது. பாலிஎத்திலீன் 110 டிகிரி செல்சியஸ் அளவிலேயே உருகத் தொடங்கும். 60/40 ஈயமோ 183 டிகிரிக்கு மேல்தான் உருகும். ஆக, உள்ளே இருப்பது உருகுவதற்கு முன்பு வெளியே இருப்பதில் வேலை முடிந்தாக வேண்டும். குறைந்த வெப்பத்தில் நெடுநேரம் வைப்பதுதான் பாதுகாப்பு என்று தோன்றுவது இயல்பே, ஆனால் உண்மை நேர்மாறானது: நிறைய வெப்பத்தை விரைவாகக் கொடுத்து விரைவாக எடுத்துவிடுவதே கேபிளைக் காப்பாற்றுகிறது.

நான் இப்போது பயன்படுத்துவது 100 வாட் அயர்ன். அதன் பிட் சுண்டுவிரல் பருமனுள்ள செம்பு, முனை உளிபோல் தட்டையாக்கப்பட்டது. வாட்டைவிடவும் இந்தப் பிட்டின் கனம்தான் முக்கியம்; பிட்டில் தேங்கியிருக்கும் வெப்பம்தான் தொட்ட மாத்திரத்தில் பித்தளைக்குள் பாய்கிறது. வெப்பக் கட்டுப்பாடு உள்ள 60, 70 வாட் நிலையங்களிலும் அகலமான பிட் போட்டுக்கொண்டால் இந்த வேலை நடக்கும். ஆனால் ஊசிமுனைப் பிட்டை வைத்துக்கொண்டு வெப்பநிலையை மட்டும் 450 டிகிரிக்கு ஏற்றுவது வீண்முயற்சி. மொட்டை மாடியில் காற்றில் நின்றுகொண்டு இதைச் செய்ய முனையாதீர்கள். அறையில் செய்யும்போதும் மேலே சுழலும் மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், அது கொண்டுபோகும் வெப்பம் கொஞ்சமன்று. புகை போவதற்கு ஜன்னல் திறந்திருந்தால் போதும். கனெக்டரை வைஸில் இறுக்குவதானால் இரு பக்கமும் மரத்துண்டு வைத்து இறுக்க வேண்டும். வெறும் இரும்புத் தாடைகளில் இறுக்கினால் நாம் கொடுக்கும் வெப்பத்தையெல்லாம் வைஸே குடித்துவிடும்.

கேபிளைச் சீவும் அளவுகளை நான் ஒரு மரக்குச்சியில் கோடு கீறி வைத்திருக்கிறேன். ஆர்ஜி-213 கேபிளுக்கு, முனையிலிருந்து 28.5 மில்லிமீட்டர் நீளத்துக்குக் கறுப்பு மேலுறையை நீக்க வேண்டும். அதில் முனைப்பக்கம் 16 மில்லிமீட்டருக்கு நடுக்கம்பி வெறுமையாகத் தெரிய வேண்டும். அடுத்து ஒன்றரை மில்லிமீட்டர் உட்காப்பு. மீதி 11 மில்லிமீட்டருக்குப் பின்னல். நடுக்கம்பி ஏழு புரி கொண்டது, அவற்றில் ஒரு புரியைக்கூடக் கத்தி கீறிவிடக் கூடாது. இதற்கெல்லாம் முன்பாக, திருகு வளையத்தைக் கேபிளில் கோத்துவிட வேண்டும். சால்டர் முடிந்த பிறகு அதைக் கோக்க வழியே இல்லை. மறந்தால் கனெக்டரை அறுத்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

பின்னலுக்கு முன்னதாகவே மெலிதாக ஈயம் பூசிக்கொள்வது என் வழக்கம். சிறு வயதில் எங்கள் தெருவுக்குப் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவர் வருவார். அவர் பாத்திரத்தை நன்றாகத் துலக்கி, துருத்தி ஊதிக் கனலில் சுடவைத்து, நவச்சாரத்தைத் தூவிய பிறகுதான் ஈயக் கட்டியைப் பாத்திரத்தின் மேல் இழுப்பார். ஒரு துணியால் ஒரே சுற்று, பாத்திரம் முழுவதும் வெள்ளியாகிவிடும். சூடான, சுத்தமான உலோகத்தில்தான் ஈயம் தானாகப் படரும் என்பதை நான் கண்ணால் கண்டு தெரிந்துகொண்டது அங்கேதான். பின்னலின் மேல் அகலமான பிட்டைப் படுக்கவைத்து ஓரிரு நொடியில் ஈயத்தைத் தொட்டு எடுத்தபடியே கேபிளைச் சுற்றிவர வேண்டும். பூச்சு கனத்துவிட்டால் கனெக்டருக்குள் நுழையாது. நுழையும் அளவுக்கு மெலிதாக இருந்தால், கனெக்டரின் உடலை மரை திருகுவதுபோல் கேபிளின் மேல் வலமாகத் திருக வேண்டும். உடலின் பின்பகுதியில் உள்ள உள்மரைகள் கறுப்பு மேலுறையைக் கவ்விக்கொண்டு முன்னேறும். கேபிளை இழுத்தால் அந்த இழுப்பைத் தாங்குவது இந்தக் கவ்வுதல்தான், ஈயம் அன்று. வெள்ளி கனெக்டர்கள் பத்தும் இடுக்கியின் உதவியோடு இறுகக் கவ்வின. நிக்கல் கனெக்டர்களில் சிலவற்றில் பின்பகுதி அகலமாகக் கடையப்பட்டிருந்ததால், மேலுறையை மரை தொடவே இல்லை. கை அசைத்தால் கேபிள் உள்ளே ஆடியது.

இனிதான் முக்கியமான நேரம். பிட்டின் தட்டையான முகத்தை ஒரு துளையின் மேல் அழுத்தமாக வைத்து, முதலில் ஒரு துளி ஈயத்தைப் பிட்டுக்கும் உடலுக்கும் நடுவில் விட வேண்டும். அந்தத் துளிதான் வெப்பத்தை உடலுக்குக் கடத்தும் பாலம். பிறகு ஈயக் கம்பியைத் துளையின் விளிம்பில் தொட்டுக்கொண்டே காத்திருக்க வேண்டும். முதலில் ரோசின் கொதித்துச் சுற்றிலும் பழுப்பாக நுரைக்கும், வெண்புகை எழும். ஐந்தாறு நொடியில், அதுவரை துளையின் விளிம்பில் குவிந்து நின்ற ஈயம் சட்டென்று தணிந்து உள்ளே இறங்கும். பார்த்துக்கொண்டே இருக்கும்போது துளை ஈயத்தை உறிஞ்சிக்கொள்வதுபோல் தெரியும். உள்ளே பின்னல் நனைந்துவிட்டது என்பதற்கு அந்த இறங்குதல் ஒன்றே சான்று. இறங்காமல் மேலேயே குவிந்திருந்தால், எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், அது நான் முதலில் சொன்ன மணிதான். இறங்கிய பிறகு இன்னும் சிறிதளவு ஈயம் கொடுத்து, துளை சற்றே குழிந்த நிலையில் நிரம்பியதும் பிட்டை எடுத்துவிட வேண்டும். கேபிளை அசைக்காமல் ஆறவிட்டு, எதிர்ப்பக்கத் துளைக்குப் போக வேண்டும். வெள்ளி கனெக்டரில் ஒரு துளைக்கு எனக்குச் சராசரியாக எட்டு நொடிக்கு மேல் தேவைப்படவில்லை. நிக்கலில், தேய்த்த பிறகும், இருபது நொடி வரை ஆனது. இரண்டையும் அறுத்துப் பார்த்தபோது, வெள்ளி கனெக்டருக்குள் கேபிளின் உட்காப்பு உருண்டை வடிவம் கெடாமல் இருந்தது; நிக்கல் கனெக்டருக்குள் துளைகளுக்கு நேரே நான்கு இடங்களில் குழிவிழுந்து, பின்னல் அதில் அமுங்கியிருந்தது. நடுக்கம்பியை எட்டும் ஆழத்துக்கு அது போகவில்லை, ஆனால் இன்னும் பத்து நொடி வைத்திருந்தால் எட்டியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

நடு ஊசி உள்ளீடற்ற குழாய். கேபிளின் நடுக்கம்பி அதன் நுனிவரை வந்து லேசாக எட்டிப்பார்க்க வேண்டும். ஊசியின் பக்கவாட்டில் பிட்டை வைத்து, நுனித் துளை வழியாக ஈயத்தைக் கொடுத்தால் உள்ளே ஏறிக்கொள்ளும். நுனி சற்றுக் கீழ்நோக்கி இருந்தால், ஈயம் கேபிளின் உட்காப்பை நோக்கி வழியாமல் நுனியிலேயே தங்கும். ஊசியின் வெளிப்புறத்தில் ஒரு சொட்டு ஈயம்கூடத் தங்கக் கூடாது. தங்கினால் ஈரத்துணியால் உடனே துடைக்க வேண்டும், அல்லது ஆறிய பிறகு அரத்தால் சீவ வேண்டும். சாய்ந்த ஊசியைப் போலவே பெருத்த ஊசியும் சாக்கெட்டைக் கெடுக்கும். ஈயத்தில் காரீயம் கலந்திருப்பதால், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டே மற்ற வேலைக்குப் போக வேண்டும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் மேசையையும் துடைத்துவிடுவது நல்லது. காரீயம் கலக்காத ஈயமும் கிடைக்கிறது, ஆனால் அது உருக 217 டிகிரிக்கு மேல் வேண்டும். ஏற்கெனவே வெப்பத்துக்கும் நேரத்துக்கும் நடுவே ஊசலாடும் இந்த வேலையில் அந்தக் கூடுதல் சுமையை நான் ஏற்றுக்கொள்வதில்லை.

மெல்லிய ஆர்ஜி-58 கேபிளுக்கு இதே கனெக்டரோடு யுஜி-175 என்னும் ரெடியூசரை (மெல்லிய கேபிளைப் பொருத்த உதவும் இடைக்குழாயை) வாங்க வேண்டும். ஆர்ஜி-8எக்ஸ் கேபிளுக்கு யுஜி-176. பின்னலை ரெடியூசரின் மேல் மடித்துப் பரப்பி, உடலுக்குள் திருகி, அதே நான்கு துளைகள் வழியாகச் சால்டர் செய்வதுதான் முறை. நான் வெள்ளி வகையோடு வாங்கிய ரெடியூசர்கள் வெள்ளி பூசியவை அல்ல, நிக்கல் பூசியவை. கடையில் அதைக் கவனிக்கத் தவறிவிட்டேன். கனெக்டர் எத்தனை நல்லதாக இருந்தாலும் உள்ளே பின்னலைத் தாங்குவது இந்த ரெடியூசர்தான் என்பதால், அதையும் தனியே தேய்க்க வேண்டியதாயிற்று. வாங்கும்போது இதைக் கேட்டு வாங்குங்கள்.

சால்டரே இல்லாமல் கிரிம்ப் செய்யும் (கருவியால் நசுக்கிப் பிடிக்கவைக்கும்) வகையும் சந்தையில் உண்டு. சரியான அளவுள்ள கிரிம்பிங் கருவி கையில் இருந்தால் அது சிறந்த வழி என்பதில் எனக்கு ஐயமில்லை, பின்னலுக்கு வெப்பமே தேவைப்படுவதில்லை. ஆனால் ஆண்டுக்கு ஐந்தாறு கனெக்டர் மட்டும் பொருத்துகிற ஒருவர் அந்தக் கருவிக்குச் செலவிடுவது கட்டுப்படியாகாது. எங்களைப் போன்றவர்களுக்குச் சால்டர்தான் நடைமுறை.

பொருத்தி முடித்த ஒவ்வொரு கேபிளையும் மூன்று விதமாகச் சோதித்தேன். மல்டிமீட்டரில் ஊசிக்கும் உடலுக்கும் நடுவே இணைப்பு இல்லை என்பதையும், முனைக்கு முனை ஊசியும் உடலும் தொடர்பில் உள்ளன என்பதையும் பார்த்தேன். பார்க்கும்போதே கேபிளைக் கனெக்டருக்கு அருகில் வளைத்தும் முறுக்கியும் பார்த்தேன். அசைக்காமல் செய்யும் சோதனையை நான் நம்புவதில்லை. என் பழைய கனெக்டரும் அசைக்காதவரை நல்லதாகவே காட்டியது. அடுத்து, மறுமுனையில் 50 ஓம் டம்மி லோடை (ஆன்டெனாவுக்குப் பதிலாகச் சக்தியை உள்வாங்கும் சுமையை) பொருத்தி, எஸ்டபிள்யூஆர் போன்றவற்றை அளக்கும் நானோவிஎன்ஏ கருவியில் 30 மெகாஹெர்ட்ஸ் வரை அளந்தேன். வெள்ளி, நிக்கல் இரண்டுக்கும் இடையே வேறுபாடு எதுவும் தெரியவில்லை. முன்பு பூச்சைப் பற்றிச் சொன்னதற்கு இது ஆதாரம். கடைசியாக 100 வாட் சக்தியில் இரண்டு நிமிடம் செலுத்தி, அனுப்புவதை நிறுத்திய பிறகு கனெக்டரைத் தொட்டுப்பார்த்தேன். 50 ஓம் சுமையில் 100 வாட் என்றால் 1.4 ஆம்பியர் மின்னோட்டம், 70 வோல்ட் அழுத்தம். நல்ல இணைப்பில் இதனால் சூடே தெரியக் கூடாது. தேய்க்காமல் வேண்டுமென்றே சால்டர் செய்துபார்த்த ஒரு நிக்கல் கனெக்டர் மட்டும் கைக்கு வெதுவெதுப்பாக இருந்தது. அனுப்பிக்கொண்டிருக்கும்போது கனெக்டரைத் தொடாதீர்கள்.

எந்த வகையானாலும் பிஎல்-259 மழைக்கு அடங்காது என்பதை மறக்கக் கூடாது. மாடியில் இருக்கும் இணைப்பின் மேல், இழுத்தால் தானே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் ரப்பர் நாடாவைப் பாதி அகலத்துக்கு இழுத்துச் சுற்ற வேண்டும். கீழிருந்து மேலாகச் சுற்றினால், ஓடு வேய்ந்ததுபோல் மேல் சுற்று கீழ்ச் சுற்றின் மேல் படிந்து தண்ணீர் வெளியே வழியும். அதற்கு மேல், வெயிலுக்குக் கவசமாகக் கறுப்பு பிவிசி டேப். தண்ணீர் ஒருமுறை பின்னலுக்குள் நுழைந்துவிட்டால், திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் மீட்டர் கணக்கில் கேபிளுக்குள் ஏறிவிடும். பிறகு கனெக்டரை மாற்றிப் பயனில்லை, கேபிளையே மாற்ற வேண்டிவரும். என் கேபிளில் முனையிலிருந்து ஒன்றரை மீட்டரை வெட்டி எறிந்த பிறகுதான் பளிச்சென்ற செம்பு தெரிந்தது.

வெள்ளி கனெக்டரிலும் குறைகள் உண்டு. திருகு வளையத்தின் வெளிப்புற வரிப்பள்ளங்கள் ஆழமில்லாமல் இருப்பதால், வியர்த்த கையால் இறுக்கும்போது வழுக்குகிறது. பத்தில் ஒன்றின் வளைய மரையில் பிசிறு இருந்தது. சாக்கெட்டில் பாதித் திருகலில் சிக்கிக்கொண்டதால், சாக்கெட்டின் மரையைக் கெடுத்துவிடாமல் மெதுவாகத் திருப்பி எடுத்து, அந்த வளையத்தை மாற்றினேன். ஆகவே ஒவ்வொரு வளையத்தையும் பழைய சாக்கெட் ஒன்றில் திருகிப் பார்த்த பிறகே கேபிளில் கோக்க வேண்டும். உறையைப் பிரித்து வெளியில் வைத்தவை இரண்டு மாதத்தில் கறுத்தன. அந்தக் கறுப்பு வெள்ளி சல்ஃபைடு. பென்சில் ரப்பரால் தேய்த்தால் போய்விடுகிறது, சால்டர் பிடிப்பதில் அதனால் சிக்கல் எதுவும் வரவில்லை. இருந்தாலும் மீதியைப் பயன்படுத்தும்வரை காற்றுப் புகாத டப்பாவில் வைத்திருந்தேன்.

விலை மூன்று மடங்கு என்பது கடையில் நிற்கும்போது பெரிதாகத் தோன்றும். ஒரு கேபிளுக்கு இரண்டு கனெக்டர்தான் என்பதையும், அந்தக் கேபிளின் விலையையும், மாடியில் ஏறி இறங்கிய இரண்டு வாரத்தையும் சேர்த்துப் பார்த்தபோது, எனக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை. மாடியிலும் வானொலியின் பின்புறத்திலும் இனி நான் வெள்ளியும் டெஃப்லானும் அல்லாத கனெக்டரைப் பொருத்தப்போவதில்லை. மேசைமேல் சோதனைக்குப் பயன்படும் குட்டைக் கேபிள்களுக்கு, தேய்க்கப் பொறுமை இருந்தால், நிக்கல் போதும். என்னிடம் எஞ்சியிருக்கும் நான்கையும் அப்படித்தான் பயன்படுத்துவேன்.

இந்த ஆண்டு மழைக்காலம் முடிந்த பிறகு, தை மாதத்தில் ஒரு காலைப் பொழுதில் மாடிக் கனெக்டரின் நாடாவைக் கீறிப் பிரித்துப் பார்த்தேன். மழை இரவுகளில் எஸ்டபிள்யூஆர் 1.3-ஐவிட்டு நகரவில்லை என்பது ஏற்கெனவே தெரியும்; ஆனாலும் கண்ணால் பார்க்க வேண்டும்போல் இருந்தது. நான்கு துளைகளிலும் ஈயம் வைத்த அன்று இருந்ததுபோலவே சற்றுக் குழிந்து, விளிம்போடு விளிம்பாகப் படிந்திருந்தது. உடலுக்கும் மேலுறைக்கும் இடையில் ஈரமோ பச்சையோ இல்லை. புது நாடாவைச் சுற்றிவிட்டுக் கீழே இறங்கினேன்.